பெங்களூர் பஸ்ஸில் ஏறிய பொம்மை

கலைமதி என்ன வேலை பார்க்கிறாள் என்பதை அவளுடைய அப்பா சென்றாயனால் ஊரில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. ஏரியூர்ப் பக்கத்தில் அவர்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். டீக்கடையில் யாராவது கேட்டால், "புள்ளைங்களோட வெளையாடிப் பேசற வேலைங்க" என்பார்.

"அதுக்கு எம்.எஸ்.டபிள்யூ. படிக்கணுமா சென்றாயா? எங்க வூட்டுக் கெழவன் படிக்காமயே நாளெல்லாம் வெளையாடறான்."

கடையே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்த பிறகு மெதுவாகக் கேட்பார்: "நெசமாவே அங்க என்னதாம்மா செய்யற?"

அவளிடம் பதில் இருந்தது. ஆனால் அதை முழுதாக நம்புகிறோமா என்று அவளுக்கே சந்தேகம். சேலத்தில் எடுத்த சிறப்புப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள்: பெரியவர்கள் துக்கத்தைப் பேசித் தீர்ப்பார்கள், குழந்தை விளையாடித்தான் தீர்க்கும், அவசரப்படாமல் கூட உட்கார்ந்திருங்கள். கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறியதும், இதெல்லாம் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒத்துவருமா என்ற நினைப்பு வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்ளும்.

நல்லம்பள்ளியில் ஒரு தொண்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்த வீட்டின் முன்னறைதான் அவள் வேலை செய்யும் இடம். பாய், சொப்புச் சாமான்கள், துணிப் பொம்மைகள், ஒரு தகரப் பஸ், நடுவில் அகலமான மரத் தட்டு நிறைய மணல். முதலில் போட்ட எம்-சாண்ட் பிள்ளைகளின் கையைக் குத்தியது. சென்றாயன் காவிரிக் கரையில் ஒரு யூரியா பை மணல் அள்ளி, அலசிக் காயவைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். "காவேரிய தூக்கிக்கினு எங்கய்யா கெளம்பிட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். "எம்பொண்ணு ஆபீசுக்கு" என்றார் சென்றாயன்.

தை மாதக் கடைசியில் காவியா வந்தாள். வயது ஆறு. அம்மா கனிமொழியின் புடவைத் தலைப்பை மணிக்கட்டில் சுற்றிப் பிடித்திருந்தாள். பின்னாலேயே கனிமொழியின் அண்ணன் சின்னராஜ், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்தபடி வந்தார்.

"ஒரு மாசமா வாயே தெறக்கலீங்க மேடம்" என்றாள் கனிமொழி. "பள்ளிக்கூடத்துலயும் இல்ல, வூட்டுலயும் இல்ல. நான் பாத்ரூம் போனாக்கூட கதவுகிட்ட வந்து நிக்குது."

காவியா பொம்மைகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கனிமொழி கலைமதியை வாசலுக்குக் கூப்பிட்டு மீதியைச் சொன்னாள். புருஷன் மாதவராஜ் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்த்தவன். சனிக்கிழமை வருவான், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறுவான். ஆடிப் பண்டிகைக்கு வந்தவனுக்கு நெஞ்சுவலி. தருமபுரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. சொந்தக் கொல்லையிலேயே புதைத்தார்கள். காவியாவைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள்.

"அப்பா பெங்களூரு போயிட்டாருன்னு சொல்லிட்டோம்" என்றார் சின்னராஜ். "எப்பவும் போறவர்தானே? அது நம்பிருச்சு. ஒரு சொட்டு அழுவலயே! அந்த யோசன என்னுதுதான் மேடம்."

இப்போது கனிமொழிக்குப் பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை கிடைத்திருந்தது. மாசி முடிவதற்குள் சேர வேண்டும். சனிக்கிழமைகளில் வருவாள், மற்ற நாட்களில் காவியா மாமா வீட்டில்.

"இப்பிடி ஊமையாட்டம் இருக்கறத வுட்டுட்டு எப்பிடிங்க போறது? போகலன்னா சோத்துக்கு என்ன பண்றது? கெணத்துல தண்ணியும் இல்ல" என்றாள் கனிமொழி.

"ஒரு மாசத்துக்கு முன்னாடி ஏதாச்சும் நடந்துச்சாங்களா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "ஒண்ணும் நடக்கலீங்களே" என்றாள் கனிமொழி.

முதல் சில நாட்கள் காவியா மணலைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் தகரப் பஸ்ஸை எடுத்து, அதில் பேண்ட் போட்ட ஆண் பொம்மையை ஏற்றினாள். பஸ் பாயைச் சுற்றி வந்து மணல் தட்டில் நின்றது. பொம்மையை இறக்கிப் படுக்க வைத்து, கை முழுக்க மணல் அள்ளி மூடினாள்.

கேட்கக் கூடாது என்று படித்ததெல்லாம் அந்த நிமிடத்தில் கலைமதிக்கு மறந்துபோனது. "அப்பாவா கண்ணு இது?"

காவியா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பஸ்ஸை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, வாசலில் இருந்த அம்மாவிடம் போய்விட்டாள். அடுத்து வந்தபோதெல்லாம் சொப்பில் சோறாக்கியதோடு சரி, மணல் பக்கமே வரவில்லை. மாசி பிறந்துவிட்டது. கூட்டிப்போக வந்த சின்னராஜ் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சோறாக்கற வெளையாட்டுக்கு இம்மாந்தூரம் நல்லம்பள்ளி வரணுமா மேடம்? எங்கூட்டு வாசல்லயே மண்ணு கெடக்குது."

அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே கலைமதிக்குப் பட்டது. ஒரு வார்த்தைக்கு ஆசைப்பட்டுக் கதவைச் சாத்திவிட்டோமே என்று நினைத்தாள். அதன்பிறகு கண்ணால் பார்ப்பதை மட்டும் சொன்னாள். "சோறு வேகுது." "மூடி போட்டாச்சு." வேறொன்றும் கேட்கவில்லை. காவியா சில சமயம் நிமிர்ந்து பார்ப்பாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அவளாகவே பஸ்ஸை எடுத்தாள்.

"பஸ் கெளம்புது" என்றாள் கலைமதி.

பேண்ட் பொம்மை மணலில் இறங்கிப் புதைந்தது. பஸ் காலியாகத் திரும்பி வந்தது. இப்போது புடவை கட்டிய பொம்மை ஏறிக்கொண்டது. பாவாடை கட்டிய குட்டிப் பொம்மை தட்டின் விளிம்பில் நின்று பார்த்தது. புடவைப் பொம்மையும் ஆண் பொம்மைக்குப் பக்கத்திலேயே படுத்தது, அதன்மேலும் மணல் விழுந்தது. நீளவாட்டில் இரண்டு மேடுகள். காவியா எழுந்துபோய்ச் சொப்புத் தம்ளரில் குடத்துத் தண்ணீரை மொண்டுவந்து, இரண்டு மேடுகளின் மேலும் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் சிந்தாமல், நிதானமாக ஊற்றினாள்.

அவள் ஊற்றியது பால் என்று கலைமதிக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. புதைத்த மறுநாள் காலையில் குழிமேட்டில் ஊற்றுகிற பால். பயிற்சியில் கொடுத்த புத்தகம் எதிலும் அது இல்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பிள்ளை அதைப் பார்த்திருக்கிறது. அப்பாவை மண்ணுக்குள் வைத்ததைப் பார்த்த அன்றே, அப்பா பெங்களூர் போயிட்டார் என்ற பேச்சையும் கேட்டிருக்கிறது. அப்படியானால் பெங்களூர் என்பது அவளுக்கு வேறு எங்கே இருக்கும்? போன மாதம் அம்மாவும் பெங்களூர் போகப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். காவியா வாயை மூடியதும் அப்போதுதான்.

அன்று சாயங்காலம் வாசல்படியில் நின்று கலைமதி இதைச் சொன்னபோது சின்னராஜ் சத்தம் போட்டார். "எப்பிடிங்க பாத்திருக்கும்? ரெண்டு நாளும் பக்கத்து வூட்டுலதான் இருந்துச்சு!"

கனிமொழிதான், "அவங்க வூட்டு மொட்ட மாடியில நின்னா நம்ம கொல்ல தெரியும்ணா" என்றாள்.

சின்னராஜ் படியில் உட்கார்ந்துவிட்டார். "சின்னப் புள்ள, மனசு ஒடஞ்சிருமேன்னுதான் மேடம் அப்பிடிச் சொன்னேன்."

"நல்லதுக்குத்தான் சொன்னீங்கண்ணா. ஆனா இனிமே நெசத்தச் சொல்லணுங்க. காவியாவோட அம்மாதான் சொல்லணும்" என்றாள் கலைமதி. சொல்லி முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. சொல்லி, பிள்ளை இன்னும் உள்ளுக்குள் ஒடுங்கிப்போய்விட்டால்? தன்னை நம்பி இவர்கள் இதைச் செய்யலாமா?

அடுத்த முறை கனிமொழி பாயில் உட்கார்ந்து பார்த்தாள். காவியா இரண்டு மேடுகளையும் கட்டி, தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு முதல் மேட்டின் மேல் கையை வைத்தாள்.

"காவியா, அப்பா பெங்களூரு போகல சாமி. அப்பா செத்துப்போயிட்டாரு. நம்ம கொல்லையிலதான் பொதச்சோம். நீ பாத்ததுதான் நெசம். நாங்கதான் பொய் சொன்னோம்."

கனிமொழி இரண்டாவது மேட்டைக் கிளறிப் புடவைப் பொம்மையை எடுத்து மண்ணைத் தட்டினாள். "அம்மா சாகல. பெங்களூரு ஒரு ஊரு கண்ணு. நான் அங்க போயி துணி தைப்பேன், சனிக்கெழம பஸ்ஸேறி வந்துருவேன்."

"அப்பாவும் சனிக்கெழம வருவாருன்னியே!"

பல வாரம் புழங்காத குரல், கரகரத்துக் கிடந்தது. கனிமொழி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். காவியா அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஆடி மாதத்திலிருந்து அழாத அழுகையெல்லாம் அழுதாள். சின்னராஜ் வெளியே பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஏற்கெனவே துடைத்த பைக்கை. கலைமதி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மாசி முடிவதற்குள் கனிமொழி வேலைக்குக் கிளம்பினாள். முதல் தடவை காவியாவையும் சின்னராஜையும் கூடவே அழைத்துப்போய், கம்பெனி கேட்டையும் தான் தங்கப்போகும் அறையையும் காட்டி அனுப்பினாள். அந்த வாரம் நல்லம்பள்ளிக்கு வந்த காவியா செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்: "அக்கா, பெங்களூர்ல மண்ணே இல்ல. எல்லாம் சிமெண்டு."

நேராக மணல் தட்டுக்குப் போனாள். பேண்ட் பொம்மைக்கு ஒரு மேடு கட்டித் தம்ளரில் பால் ஊற்றினாள். அந்த ஒரு மேட்டுக்கு மட்டும். பிறகு புடவைப் பொம்மையைத் தகரப் பஸ்ஸில் ஏற்றி அறையின் கடைசி மூலைவரை தள்ளிக்கொண்டுபோய், அங்கே கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்திருந்தாள். கலைமதிக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. எதையும் கேட்கவில்லை. மூலையில் பஸ் மறுபடி அசைந்ததும், கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னாள்.

"பஸ் கெளம்புது."

"கெளம்பலக்கா" என்றாள் காவியா, அவளை நோக்கிப் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டே. "வருது."