முன்கால்களின் அடியில் மஞ்சள்

திருகோணமலைக்கு இடமாற்றம் கிடைத்து வந்தபோது எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் விலங்கியல் படிப்பித்தேன். உப்புவெளியில் ஒரு வீட்டின் பின்பக்க அறை எனக்கு வாடகைக்குக் கிடைத்தது. வாய் திறக்கிற வேலை பள்ளிக்கூட மணியோடு முடிந்துவிடும். பஸ்ஸில் வந்து இறங்கி, பூட்டைத் திறந்து, குசினியில் தேத்தண்ணீர் வைத்துக் குடித்தால் பிறகு விடியும்வரை கதைக்க ஆளில்லை. தனிமை பழகிவிடும் என்பார்கள். எனக்குப் பழகவில்லை.

அந்த அறைக்குச் சிலந்தி வந்து சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். துறைமுகத்தில் இறங்குதுறையொன்றைத் திருத்துவதற்குத் தெற்கு மழைக்காட்டில் வெட்டிய பெருமரங்கள் லொறியில் வந்து இறங்கின. மரங்களைப் பொறுப்பெடுக்கும் கிண்ணியாக்காரர் ஒருவரின் மகள் என் வகுப்பில் படித்தாள். அவர் ஒருநாள் மூடியில் ஓட்டை போட்ட பால்மாப் பேணியோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், மரப்பட்டைக்குள்ள இருந்திச்சு. ஆக்கள் அடிக்கப் பாத்தாங்க. எங்கட மகள் சொல்லுவா, நீங்க பூச்சி புழுவெல்லாம் வளர்க்கிறீங்கண்டு. அதான் கொண்டாந்தன்."

"கடிக்குமோ?"

"கடிச்சாத்தானே தெரியும்," என்று சிரித்துவிட்டுப் பேணியை என் கையில் வைத்தார்.

புலிமுகச் சிலந்தி. விரித்த கையளவு, உடம்பெல்லாம் மயிர், சாம்பலும் கறுப்புமாகக் கோலம் போட்ட கால்கள். ஆய்வுகூடத்தில் கழித்துப்போட்டிருந்த கீறல் விழுந்த மீன்தொட்டியை அறைக்குக் கொண்டுபோய், அது வந்த மரப்பட்டையையே உள்ளே நிறுத்தி, வலைமூடி போட்டேன். மழைக்காட்டுப் பிராணிக்கு ஈரம் வேண்டும். இந்த ஊரின் வறண்ட கச்சான் காற்றோ ஈரத்துணியைக்கூட ஒரு மணித்தியாலத்தில் அப்பளமாக்கிவிடும். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் தண்ணீர் தெளிப்பேன். வந்தவுடன் திரும்பத் தெளிப்பேன். இடையில் வகுப்பில் நிற்கும்போது, வீட்டில் ஓர் உயிர் காய்ந்துபோகுமே என்ற பதைப்பு இருக்கும். அந்தப் பதைப்பு எனக்குத் தேவைப்பட்டது.

வீட்டுக்கார அக்கா கதவுக்கு இந்தப் பக்கம் வருவதை அன்றோடு விட்டுவிட்டார்.

"டீச்சர், உங்களுக்குத் துணைக்கு வேற ஆளே கிடைக்கேல்லையே?" என்று முற்றத்தில் நின்று கேட்பார்.

"இது வாய் காட்டாது அக்கா."

"வாய் காட்டாது, கடிக்கும். சொல்லிப்போட்டன்."

அதற்கு என்மேல் அன்பு என்று நான் கதை விடமாட்டேன். சிலந்திக்கு அன்பு கிடையாது, அதைப் படிப்பித்துச் சம்பளம் வாங்கியவள் நான். ஆனால் கரப்பொத்தான் ஒன்றைப் பிடித்து உள்ளே விட்டால் பட்டையின் பின்னாலிருந்து வரும். எனக்காக இல்லாவிட்டாலும் வரும். அந்த வீட்டில் எதிர்பார்த்தால் வருகிற ஒன்று அதுதான்.

வயிற்றின் கீழேயிருந்த வெள்ளைப் பட்டியும் பின்கால்களின் புள்ளிகளும் புத்தகத்தில் உள்ள எதோடும் ஒத்துப்போகவில்லை. கொழும்பில் சிலந்திகளையே படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவருக்கு எழுதினேன். தவணை லீவில் ரயிலேறி வந்துவிட்டார். தொட்டியின் முன்னால் கதிரையைப் போட்டு அரைநாள் உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணீர் ஆறிப் பாலாடை கட்டிவிட்டது.

"முன்கால்களின்ர அடிப்பக்கத்தைப் பாக்கவேணும், மிஸ். இந்தச் சாதியில இனத்தைப் பிரிச்சுக் காட்டுறது அந்த நிறம்தான்."

அடிப்பக்கத்தை அது சும்மா காட்டாது. பயந்தால், கோபித்தால், முன்கால்களைத் தூக்கி எதிரிக்குக் காட்டும். இத்தனை நாளில் அது எனக்குக் காலைத் தூக்கியதில்லை. நான் அதைச் சீண்டியதுமில்லை. பெரியவருக்குக் கை நடுக்கம். அதனால் சீண்டுவதற்கு விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை நான்தான் எடுத்தேன். முதல் தட்டுக்கு அது விலகியது. அடுத்த தட்டுக்கும் விலகியது. பிறகு சடாரென்று நிமிர்ந்து இரண்டு கால்களையும் எனக்கு நேரே தூக்கியது. பழுத்த பலாச்சுளை மஞ்சள்.

பெரியவர் கதிரையைவிட்டு எழும்பிவிட்டார். "புதுசு, மிஸ். இப்பிடி ஒண்டை ஆரும் எழுதேல்லை."

எனக்குச் சந்தோசம் வரவில்லை. அது காலை இறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு மனம் நொந்துவிட்டது.

அவர் பையிலிருந்து ஸ்பிரிட் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். புதிய இனமென்று எழுதினால் சாட்சிக்கு ஓர் உடல் வேண்டும். எழுதியவர்களின் பெயர் இனத்தின் பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கும். "உங்கட பேரும் என்ர பேரும்," என்றார்.

ஆசை இருந்தது. ஏன் மறைக்கவேண்டும்? மற்றவர்கள் கண்டுபிடித்ததையே கரும்பலகையில் எழுதி அழித்தவள் நான். பிள்ளை இல்லை, என் பெயரை எடுக்க ஆருமில்லை. அச்சில் ஒரு வரி நின்றால் நான் இருந்தேன் என்றாவது ஆகும். போத்தலைக் கையில் எடுத்தும் பார்த்தேன். இதை அதற்குள் போட்டுவிட்டுப் பின்னேரம் எந்தத் தொட்டிக்குத் தண்ணீர் தெளிப்பது என்ற நினைப்பு வந்தது.

"ஏலாது சேர். கழட்டின தோல் கிடக்கு, கொண்டுபோங்கோ. உடம்பைத் தரமாட்டன்."

"தோல் காணாது. உடல் இல்லாட்டிப் பேர் இல்லை, மிஸ்."

"ஓம். தெரியும்."

அவர் கோபிக்கவில்லை. போத்தலைப் பையில் வைத்துக்கொண்டு, "இது வளர்ந்த பெண் சிலந்தி, கனகாலம் உயிரோட இருக்கும். ஆறுதலா யோசியுங்கோ," என்றார். நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். அடுத்த வருசம் அவர் காலமானார்.

பிறகு சில வருடங்கள் கழித்து, அவருடைய இடத்துக்கு வந்தவர் எனக்கு ஒரு கட்டுரையை அனுப்பியிருந்தார். அந்தத் தெற்குக் காட்டில் பிடித்து ஸ்பிரிட்டில் போட்டிருந்த ஒரு சிலந்தியை எவரோ புதிய இனமென்று எழுதியிருந்தார். வயிற்றுப் பட்டி, பின்காற் புள்ளி, எல்லாம் அச்சொட்டாக இது. பெண் ஒன்று மட்டும் கிடைத்தது, ஆண் தெரியவில்லை என்று இருந்தது. முன்கால்களின் அடிப்பக்கம்: வெளிறிய வெள்ளை.

ஸ்பிரிட்டில் மஞ்சள் நிற்காது. கரைந்துவிடும். எழுதியவர் அதை உயிரோடு பார்த்ததில்லை.

வெள்ளை இல்லை, மஞ்சள் என்று அவருக்கு ஒரு தபாலட்டை போட்டிருக்கலாம். ஆனால் சாட்சி கேட்பார்கள், சாட்சிக்கு நான் திரும்பவும் ஈர்க்கை எடுக்கவேண்டும். கட்டுரையை அலுமாரியில் வைத்தேன். அழுகை வந்தது, அழுதேன்.

பிறகு முகம் கழுவிக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் இருந்து, அச்சில் இருந்த அந்தப் புதுப் பெயரைச் சொல்லி அதைக் கூப்பிட்டேன். நீளமான லத்தீன் பெயர், என் வாய்க்கே சரியாக வரவில்லை. பட்டைக்குப் பின்னால் அசைவில்லை. இன்னொருதரம் கூப்பிட்டேன். பிறகு குசினிக்குப் போய்ச் சிரட்டைக்கு அடியில் பிடித்து வைத்திருந்த கரப்பொத்தானைக் கொண்டுவந்து உள்ளே விட்டேன். அது வந்தது.