பாறை வளைவில் வேன் ஏறாது

நீங்கள் பொய் எழுதினீர்கள், சார். எங்கள் லயத்துக்கு வேன் ஏறும் என்று கண்ணால் பார்த்துவிட்டு எழுதினீர்கள். பார்க்காமல் எழுதியிருந்தால் சோம்பேறி என்று விட்டிருப்பேன்.

நான் ஜீப் ஓட்டுகிறவன். இடுக்கி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷன் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறேன். கீழே கடைத்தெருவில் எங்கள் ஸ்டாண்ட். ஆறு ஜீப்பு, பெரும்பாலும் டூரிஸ்ட் ஓட்டம். எங்களுக்குள் இரண்டே சட்டம். எல்லா ஜீப்புக்கும் ஒரே ரேட்டு, ஆள் பிடிக்க எவனும் குறைத்து ஓடக் கூடாது. அப்புறம், முறை யாருடையதோ அவன் வந்த ஆளை ஏற்றியே ஆக வேண்டும். குடிகாரனானாலும் பகையாளியானாலும் ஏற்ற வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் நாங்கள் என்றைக்கோ ஒருவனை ஒருவன் வெட்டிக்கொண்டு போயிருப்போம்.

மேல் டிவிஷன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்க வண்டி வேண்டும் என்று பஞ்சாயத்திலிருந்து டெண்டர் வந்தது. மலைப்பாதை ஏறும் வண்டியாக இருக்க வேண்டும் என்று அதிலேயே போட்டிருந்தது. அதுவரை பிள்ளைகள் நடந்துதான் போனார்கள், யானை இறங்குகிற பாதையில். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கொழுந்து எடுக்கிறவள், புருஷன் இல்லை. ஒரே மகள் ஒன்பதாவது முடித்திருந்தாள். அக்கா எல்லாரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: "வண்டி வந்தா பத்தாவது போவா. வரலேன்னா நிப்பாட்டிருவேன். யானைக்குக் குடுக்கவா பெத்தேன்?"

நாங்கள் ஆறு பேரும் டெண்டர் போட்டோம். ஆறிலும் ஒரே ரேட்டு. யாருக்குக் கிடைத்தாலும் முறை வைத்து ஓட்டிக்கொள்ளலாம் என்று பேச்சு. ஏழாவதாக, கீழே டவுனில் இருந்து ஒரு வேன்காரர் போட்டார். ஒரே ரேட்டாக இருந்ததால் எங்கள் ஆறையும் கூட்டுக்களவு என்று தள்ளிவிட்டு வேனுக்குக் கொடுத்தார்கள். பாறை வளைவில் வேன் ஏறாது என்று நாங்கள் அப்பீல் போட்டோம். அந்த அப்பீலைத் தீர்க்க வந்தவர்தான் நீங்கள்.

ஹியரிங் ஞாபகம் இருக்கிறதா? மின்விசிறிக்குக் கீழே நீங்கள். எங்களுக்கு நாற்காலி இல்லை.

"நிங்ஙள் எல்லாரும் கூடி ஒரே ரேட் தீருமானிச்சதா?" என்று மலையாளத்தில் கேட்டீர்கள்.

எங்கள் ஸ்டாண்டிலேயே மூத்த டிரைவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். "ஆமா சார். பேசி வச்சுத்தான் போட்டோம். எங்க ஸ்டாண்டுல எப்பவும் ஒரே ரேட்டுதான். குறைச்சு ஓடுறது துரோகம்லா."

பெருமையாகச் சொன்னார். பாராட்டுவீர்கள் என்று நினைத்தார். உங்கள் பக்கத்தில் இருந்த குமாஸ்தா சிரித்துவிட்டார். நீங்கள் சிரிக்கவில்லை. "டூரிஸ்ட் போதாதா உங்களுக்கு? பிள்ளைங்க சோத்துலயும் கை வைக்கணுமா?" என்றீர்கள். பேனாவை மூடினீர்கள்.

வெளியே வந்ததும் நாங்கள் மூத்தவரைக் கடித்துக் குதறினோம். "உண்மை விளம்பி வாறாரு, எந்திரிச்சு நில்லுங்கடே!" என்றான் ஒருத்தன். "அண்ணே, வேன்காரன் உமக்கு எத்தனை கிலோ கறி வாங்கிக் குடுத்தான்?" என்றேன் நான். அதற்குப் பிறகு பல நாள் அவர் டீ குடிக்க வந்தால் பெஞ்சில் இடம் விடாமல் உட்கார்ந்தோம்.

ரேட்டு விஷயத்தில் தோற்றோம், சரி. வேன் ஏறுமா என்ற கேள்வி பாக்கி இருந்தது. நேரில் பார்க்க வருகிறேன் என்றீர்கள்.

வந்தீர்கள். ஆபீஸ் காரைக் கடைத்தெருவில் நிறுத்திவிட்டு, "மேலே போகணும், ஜீப் எது?" என்று ஸ்டாண்டில் கேட்டீர்கள். முறை என்னுடையது.

நான் சாவியை எடுக்காமல் நின்றேன். மூத்தவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "மொறைடே. ஏத்து."

ஏற்றினேன். பாறை வளைவில் முன்சக்கரத்துக்கும் கியர் போட்டு முதல் கியரில் ஏறினோம். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "மெல்ல, மெல்ல" என்று கத்தினீர்கள். மண்டை கூரையில் இடித்தது. "சார், இதுல வேன் ஏறுமா?" என்று கேட்டேன். "டயர் நல்லதா இருந்தா எதுவும் ஏறும்" என்றீர்கள். மண்டையைத் தடவிக்கொண்டே சொன்னீர்கள்.

மேலே அக்கா வீட்டு வாசலில் அவள் மகள் உங்களுக்குப் பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்து கொடுத்தாள். "எந்த கிளாஸ்?" என்று கேட்டீர்கள். "பத்துக்குப் போகணும் சார், வண்டி வந்தா." டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்லா படிக்கணும் மோளே" என்றீர்கள். அக்கா உங்களைக் கும்பிட்டாள்.

உத்தரவு வந்தது. நேரில் சென்று பார்த்ததில் அது வேன் சென்றுவரத் தகுந்த பாதை என்றும், அப்பீல் தள்ளுபடி என்றும், தகராறு தீர்ந்தது என்றும் எழுதியிருந்தது.

வேன்காரரைக் குறை சொல்ல மாட்டேன். முதல் நாளே ஏற்றிப் பார்த்தார். பாறை வளைவில் அடி தட்டி நின்றது. பிள்ளைகளே இறங்கி, யூனிஃபார்ம் சேறாக, பின்னுக்குத் தள்ளி எடுத்தார்கள். மறுநாளிலிருந்து வேன் வளைவுக்குக் கீழே நின்று ஹாரன் அடித்தது. பிள்ளைகள் பழையபடி யானைப் பாதையில் இறங்கி ஓடினார்கள். முன்பாவது நிதானமாக, காது கொடுத்து நடப்பார்கள். இப்போது வேன் போய்விடுமே என்று ஓட்டம். நாங்கள் அந்த நேரத்தில், சூரியன் உதிப்பதைப் பார்க்க வருகிற டூரிஸ்டுகளோடு மலை உச்சியில் கிடப்போம்.

மழைக்காலத்தில் ஒரு காலை, மூடுபனி. பாதையில் நின்ற யானையைக் கிட்டே போனபிறகுதான் பார்த்திருக்கிறார்கள். யானை ஒன்றும் செய்யவில்லை, நின்றது, அவ்வளவுதான். பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். அந்தப் பெண் தேயிலைக்குள் தண்ணீர் வடிய வெட்டியிருந்த கான் பள்ளத்தில் விழுந்தாள். கால் இரண்டு இடத்தில் ஒடிந்தது. மூணாறு ஆஸ்பத்திரிக்கு மூத்தவர்தான் தூக்கிப் போனார், அது அவர் முறை. அன்றிலிருந்து அவருக்குப் பெஞ்சில் இடம் விடுகிறோம். அவர்தான் இப்போது உட்காருவதில்லை.

கட்டுப் போட்டு வந்த மகளை லயத்தில் படுக்க வைத்துவிட்டு அக்கா என் வாசலுக்கு வந்தாள்.

"அந்த ஆள ஏத்திட்டு வந்தது நீதான?"

"மொறை என்னது அக்கா. சட்டம் அப்படி."

"ஒம் மொறையக் கொண்டுபோயி எம்புள்ள காலுல கட்டு" என்றாள். "படிச்சது போதும். காலு நேரானா எங்கூடக் கொழுந்துக்கு வரட்டும்."

கால் நேராகவில்லை. சரிவில் நிற்க முடியாதவளைக் கொழுந்துக்கும் எடுக்க மாட்டார்கள். புத்தகப்பையை அக்கா உருளைக்கிழங்கு போட்டு வைக்க எடுத்துக்கொண்டாள். நான் திரும்ப மனுக் கொடுத்தேன். தீர்ந்த தகராறை மறுபடி திறக்க முடியாது என்று பதில் வந்தது.

இந்த முறை மனு இல்லை. அடுத்த கிராமசபை எங்கள் லயத்து முற்றத்தில் கூடுகிறது. அந்தப் பெண்ணை முன்வரிசையில் உட்கார வைப்போம். நீங்கள் வர வேண்டும். ஜீப்பில் வேண்டாம், நீங்கள் ஏறும் என்று எழுதிய வேனிலேயே வாருங்கள். வந்து, அவள் முன்னால், அவள் அம்மா முன்னால், மைக்கைப் பிடித்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்லுங்கள்: வேன் ஏறும் பாதைதான் என்றால், அன்றைக்கு நீங்கள் ஏன் என் ஜீப்பில் ஏறினீர்கள்?