கால் ஆர்மோனியமும் என் முழங்காலும்

கோவிலில் ஆர்மோனியம் வாசிக்கிறவள் தப்பாக வாசித்தால் சபை முழுவதும் திரும்பிப் பார்க்கும். சரியாக வாசித்தால் அவள் அங்கே இருக்கிறாளா என்றுகூட யாரும் பார்க்க மாட்டார்கள். செங்கல்பட்டில் எங்கள் சபையில், என் பெரிய மகள் பால்குடி மறந்த வருஷத்திலிருந்து நான் அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறேன். இப்போது அவள் பிள்ளைக்கே பல் விழுந்தாயிற்று. என் பெயர் பலருக்கு மறந்துபோய், பெட்டியம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இந்த ஊழியத்தை இன்னும் செய்வதா, போதும் என்று எழுந்துவிடுவதா என்று போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் முழுவதும் மனசுக்குள் ஒரே போராட்டம். உங்கள் சபையிலும் ஒரு சகோதரி கால் வலியோடு பெட்டியை மிதித்துக்கொண்டிருப்பாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எண்ணெய் போட்ட பிறகும்

கால் ஆர்மோனியத்தில் இரண்டு மிதிகள் உண்டு. மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் நிறுத்தினால் பாட்டுக்கு மூச்சு போய்விடும். லெந்து வெள்ளிக்கிழமை ஒன்றில், எல்லாரும் மௌனமாக ஜெபிக்கும்படி எங்கள் சபைப் போதகர் ஐயர் சொன்னார். அந்த நேரம் நான் மெதுவாக வாசிக்க வேண்டும். வாசித்தேன். கூடவே ‘கிறீச், கிறீச்’ என்று ஒரு சத்தம். முன் வரிசையில் இருந்தவர்கள் கண்ணை மூடியபடியே முகம் சுளித்தார்கள்.

மணி அடிக்கிற தேவசகாயம் மறுநாளே பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு கீல் விடாமல் எண்ணெய் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே சத்தம். ஆராதனை முடிந்ததும் என்னை வாசிக்கச் சொல்லிவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காதை வைத்துக் கேட்டார். பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

“பொட்டியில ஒரு கோளாறும் இல்லம்மா. உங்க முட்டிதான் கத்துது. அதுக்கு நான் எண்ணெ வுட முடியாது.”

பால் பொங்கும் நேரம்

கோவிலுக்கு எதிரில் காதர் பாயின் டீக்கடை. எங்கள் ஆராதனை அவருக்கு மனப்பாடம். கடைசிப் பாட்டை நாங்கள் எடுத்ததும் அவர் பாலை அடுப்பில் ஏற்றுவார். நாங்கள் ஆமென் சொல்லி வெளியே வரும்போது கிளாஸ்கள் வரிசையாகத் தயாராக இருக்கும். பாட்டின் பெயர் தெரியாது, ஆனால் எத்தனை சரணம் என்று தெரியும்.

ஒருநாள் சாயங்காலம் அந்தப் பக்கமாகக் காய் வாங்கப் போனேன். பாய் ஈரத்துணியால் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. முன்னெல்லாம் நீங்க பாட்டு முடிக்கிறதுக்கும் பால் பொங்குறதுக்கும் கரீட்டா இருக்கும். இப்போ பால் பொங்கி வழிஞ்சி அடுப்பே அணைஞ்சிடுது, உங்களுக்கு இன்னும் ஒரு சரணம் பாக்கி கீது.”

ஐயரிடம் சொன்னது

அன்று ராத்திரி முழுவதும் யோசித்தேன். கால் மெதுவாகிவிட்டது, அதனால் பாட்டும் மெதுவாகிவிட்டது. சபையார் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். மெட்ராஸில் இருக்கும் என் மகன், “போதும்மா, வந்து என்கூட இரு” என்கிறான். ஆனால் இதை விட்டுவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் யார்? ஆண்டவரே, நான் நிற்கவா போகவா, நீரே சொல்லும் என்று முழங்காலில் நின்று ஜெபித்தேன். பதில் வருவதற்குள் கால் மரத்துவிட்டது. என் வீட்டுக்காரர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

அவரையே கூட்டிக்கொண்டு போய் ஐயரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஐயர் முழுவதும் கேட்டார். “கர்த்தர் என்னம்மா சொல்றார்?” என்றார். “கர்த்தர் இன்னும் ஒண்ணும் சொல்லல ஐயா, டாக்டர்தான் மிதிக்காதேன்னு சொல்றார்” என்றேன். ஐயர் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் கனகம் டீச்சர் மெட்ராஸில் முறையாகப் பியானோ கற்றுக்கொண்டவள் என்று எல்லாருக்கும் தெரியும். ஐயர் அவளை மனசில் வைத்துச் சொன்னார்:

“ஒரு ஞாயித்துக்கிழமை டீச்சர் வாசிக்கட்டும், நீங்க பாயில உக்காந்து கேளுங்க. கர்த்தர் சொல்லாட்டி சபையாராவது சொல்லிடுவாங்க.”

மேலே ஏறிய பாட்டு

பெண்கள் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து எத்தனையோ வருஷமாயிற்று. கனகம் அழகாக வாசித்தாள். விரல்கள் ஓடின. பல்லவி போனது. அனுபல்லவியில் ஆண்கள் பக்கம் இருமல் கேட்டது. சரணத்தில் பாட்டு மேலே ஏறியபோது ஆண்கள் ஒட்டுமொத்தமாகப் பாடுவதை நிறுத்திவிட்டார்கள். பெண்களில் சிலர் கழுத்து நரம்பு புடைக்கப் பாடினார்கள். மற்றவர்கள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குள் கொஞ்சம் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. முக்காட்டை இழுத்துவிட்டு அதை மூடிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். யுத்த காலத்தில் இருந்த ஐயருக்குத் தொண்டைக் கட்டு. அவருக்காகச் சுருதியை ஒரு கட்டை இறக்கினோம். அவர் மாற்றலாகிப் போன பிறகும் அது ஏறவில்லை. அப்புறம் என் குரல் தடித்தது. இன்னும் அரைக் கட்டை இறக்கினேன். ஒருவரும் கவனிக்கவில்லை. பெட்டி இறங்க இறங்கச் சபையும் கூடவே இறங்கியிருக்கிறது. கனகமோ தான் கற்றுக்கொண்ட உயரத்தில் பிடித்திருக்கிறாள். ஆராதனை முடிந்ததும் கண் கலங்க என்னிடம் வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“ஒரு சபையே சேந்து இவ்வளவு கீழ எறங்கியிருக்கே, ஒருத்தருக்குமாம்மா தெரியல?”

பெட்டி இல்லாமல்

சரி, நாம்தான் இருந்தாக வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். அன்று ராத்திரியே முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியது. இது எந்த வகைப் பதில் என்று ஆண்டவரைத்தான் கேட்க வேண்டும்.

அந்த வாரம் புதுப்பட்டினத்துக் குப்பத்தில் மாதாந்திர ஆராதனை. மீன்பிடிக்கிற சில குடும்பங்கள்தான் அங்கே சபை. ஓலைக் கொட்டகைதான் கோவில். வழக்கமாகச் சின்னக் கைப்பெட்டியைக் கொண்டுபோவேன். உப்புக்காற்றில் கட்டைகள் இறுகிப்போனதால் அது பழுதுபார்க்கப் போயிருந்தது. வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. ஐயரின் மனைவி வற்புறுத்தியதால் வெறுங்கையோடு பஸ் ஏறி, திருக்கழுக்குன்றத்திலிருந்து மாட்டுவண்டியில் போய்ச் சேர்ந்தேன். மணலில் சம்மணம் போட முடியாது. ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்காரவைத்தார்கள். அன்னம்மா என்ற மீன்காரம்மா என் மடியைப் பார்த்தாள். “பொட்டியம்மா, பொட்டி எங்க?” என்றாள். “பெட்டியும் இல்ல, காலும் சரியில்ல, இன்னிக்கு ஐயர் ஜெபத்தோட முடிக்கட்டும்” என்றேன். அவள் விடவில்லை.

“பொட்டி வரலன்னா இன்னாம்மா? முட்டிதான நோவுது, வாய் நல்லாத்தான கீது. நீங்க எடுத்து வுடுங்க, நாங்க புடிச்சிக்கினு போறோம்.”

மறுபடியும் பால்

எடுத்துவிட்டேன். பிடித்துக்கொண்டார்கள். வண்டியில் திரும்பி வரும்போது, கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

இப்போது பெட்டி கனகத்துடையது. நான் அதன் பக்கத்தில் ஒரு முக்காலியில் இருக்கிறேன். முதல் அடியை எங்கள் சபைக்கு எட்டுகிற சுருதியில் நான் எடுத்துக் கொடுப்பேன். அவள் விரலால் தடவி அந்தக் கட்டையைக் கண்டுபிடித்துத் தொடர்வாள். “ஒரு வருஷத்துல அரைக் கட்டை ஏத்திக் காட்றேம்மா” என்று என் காதில் சொல்லியிருக்கிறாள். ஆண்கள் பக்கத்துக்கு இன்னும் தெரியாது. அவள் கால் இளம் கால், பாட்டு ஓடுகிறது. ஈஸ்டர் முடிந்த வாரம் காதர் பாய் கடை வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்.

“இன்னாம்மா இது பேஜாரு? இப்போ பால் சுடறதுக்கு முந்தியே மொத்த சபையும் வந்து நின்னுகினு கீது.”

ஓய்வு கேட்டு முழங்காலில் நின்றவளுக்கு, ஆண்டவர் முழங்காலுக்கு மட்டும் ஓய்வு கொடுத்தார்.