நான்கு நிறக் கோன்கள்

உதைபந்து விளையாட்டில் அண்ணன் கோலில் நின்றால் வேடிக்கை பார்க்க எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரியவர்களும் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். மாவட்டச் சிறுவர் அணிக்குக் கோல்காப்பாளர் தேர்வு மாத்தளையில் நடக்கிறது என்று தெரிந்ததும், தோட்டத்து லொறி ஓட்டும் அப்பா லீவு போட்டார். நானும் அழுது அடம்பிடித்து அவர்களோடு பஸ் ஏறினேன்.

அங்கே உடம்பு எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்றுதான் முதலில் பார்த்தார்கள். குப்புறப் படுத்திருந்து, விசில் கேட்டதும் எழுந்து பந்தைப் பிடிக்க வேண்டும். பக்கவாட்டில் கால் மாற்றி ஓட வேண்டும். எல்லாவற்றிலும் அண்ணன்தான் முந்தினான். அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்.

பிறகு புல்லில் மஞ்சள், நீலம், சிவப்பு, பச்சை என்று நான்கு கூம்புகளை, கோன்களை, வைத்தார்கள். கோச் சிங்களத்தில் ஒரு நிறத்தைச் சொல்வார்; அந்தக் கோனைத் தொட்டுத் திரும்பி, அவர் எறியும் பந்தைப் பாய்ந்து பிடிக்க வேண்டும். நீலத்துக்கும் மஞ்சளுக்கும் அண்ணன் பறந்தான். அடுத்து, சிவப்பு என்பதற்கு "ரது" என்றார். அண்ணன் பச்சையைத் தொட்டான். மறுபடியும் "ரது." மறுபடியும் பச்சை. வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். அதன்பின் அவன் ஒவ்வொரு முறையும் நின்று யோசித்தான். அதற்குள் பந்து அவனைத் தாண்டிப் போயிற்று.

கெட்டிக்காரப் பையன், ஆனால் சொல்வது விளங்கவில்லை போலிருக்கிறது, கொஞ்சம் சிங்களம் பழக்குங்கள் என்று கோச் அப்பாவிடம் தன்மையாகத்தான் சொன்னார். அண்ணனோ கீழ்க் கிராமத்துச் சிங்களப் பையன்களோடு தினமும் விளையாடுகிறவன்.

"அந்தச் சொல்லு ஒனக்குத் தெரியாதாடா?" என்று மைதானத்தை விட்டு வெளியே வந்ததும் அப்பா கேட்டார்.

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சிக்கிட்டேவா மாறி ஓடுன?"

அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தான். அடுத்த வருடம் அவன் தேர்வுக்குப் போகவில்லை. கொஞ்சங்கொஞ்சமாகக் கோலில் நிற்பதையே விட்டுவிட்டான். இப்போது அலுவிகாரையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறான். வண்டி ஓட்ட லைசன்ஸ் எடுப்பதற்காக மருத்துவச் சோதனைக்குப் போனபோதுதான், சிவப்பும் பச்சையும் பிறவியிலிருந்தே அவனுக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன என்று டொக்டர் சொன்னார். அதைக் கேட்ட அப்பா அன்று சாப்பிடவில்லை. மஞ்சளையும் நீலத்தையும் மட்டும் வைத்திருந்தால் என்று இன்றும் சில நேரம் தனக்குள் சொல்லிக்கொள்வார்.

தேர்வு நடந்த அன்று எங்களில் யாருக்கும் இது தெரியாது. ஊருக்குத் திரும்பும் ரத்தொட்டை பஸ்ஸில் அப்பா முன் சீட்டில் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அண்ணன் என் காதருகே குனிந்தான்.

"தங்கச்சி, கடைசியா இருந்த ரெண்டு கோனும் ஒரே நிறந்தானே?"

ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை என்று, பாலர் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விரல் மடக்கிச் சொன்னேன். அவன் ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். நன்றாக ஓடியிருக்கிறான், தூக்கம் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.