எல்லாரும் படித்த கடிதம்

ஷெலுவ்கா ஊரில் பண்டிகைக்கு வாத்து வாங்கினால் தோப்ராவைக் கூப்பிடாத வீடு கிடையாது. குடலைப் பிதுக்கிக் கழுவுவாள், கொழுப்பை உருக்குவாள், குளிர்காலம் முழுக்க இறகு கிழித்துத் தலையணைக்குச் சேர்ப்பாள். கையில் எது ஒட்டினாலும் முகம் சுளிக்காதவள் என்று பெயர். புருஷன் நோஸன் இருமித் துப்பிய கிண்ணத்தையும் அப்படித்தான் எடுத்துப்போய்க் கொட்டி, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்ப்பாள்.

நோஸன் பன்னிரண்டு வருஷமாக ஜெப ஆலயத்துப் படிப்புக்கூடத்தில் அடுப்போரமாக உட்கார்ந்து தல்மூது என்னும் யூத வேத விளக்கம் படித்துக்கொண்டிருந்தான். உழைப்பு தோப்ராவுடையது, பெருமை மாமனார் கெட்ஸலுடையது. மகனுக்கு இருமல் வந்தபோது, "ராகம் போட்டுப் படிச்சா தொண்டை கட்டத்தான் செய்யும்" என்றார் கெட்ஸல். அடுத்த குளிர்காலத்தில் கைக்குட்டை சிவந்தது. தோப்ரா பிடிவாதம் பிடித்து, இறந்துபோன மாமியாரின் தம்பிக்குக் கெட்ஸலை எழுதச் சொன்னாள். அவர் ரப்பி ஆவிக்தோர், வேறு ஊரில் மதகுரு. வைத்தியமும் கொஞ்சம் அறிந்தவர். அவர் பேச்சுக்குக் கெட்ஸல் எதிர்ப்பேச்சுப் பேசியது கிடையாது.

பஸ்கா பண்டிகை முடிந்த வாரம் பதில் வந்தது. நாலு பக்கம், பொடி எழுத்து, வேத பாஷையான எபிரேயத்தில். தோப்ராவுக்கு வீட்டில் பேசுகிற யித்திஷ் மட்டும்தான் படித்தால் புரியும்.

"என்ன எழுதியிருக்கார் மாமா?"

கெட்ஸல் தாடியில் உதிர்ந்த மூக்குப்பொடியைத் தட்டிவிட்டார். "என்ன எழுதுவார்? படிப்பை விடாதே, அதுதான் மருந்துங்கறார். இவன் நம்ம குடும்பத்துக்கே கிரீடமாம்."

"நாலு பக்கமும் இதேதானா?"

"பெரியவங்க எழுத்தும்மா அது. உனக்குச் சொன்னாலும் ஏறாது."

நோஸன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தோப்ரா நம்பினாள். இருமிக்கொண்டே போகிறவனுக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்துச் சந்தையில் ஷ்மெர்ல் எதிர்ப்பட்டார். அட்டை விட்டு ரத்தம் எடுக்கிற ஊர் வைத்தியர்.

"என்ன தோப்ரா, பால் கொடுக்க ஆரம்பிச்சாச்சா?"

"எந்தப் பால்?"

"ரப்பி எழுதினாரேம்மா. ரெண்டு வேளையும் காய்ச்சின பால், வெண்ணெய். பைன் காட்டுப் பக்கம் கொண்டுபோய் வைக்கணும், ஆறு மாசம் புஸ்தகத்தைத் தொடவே கூடாதுன்னு. உசிரைக் கெடுத்துக்கிட்டுப் படிக்கிற படிப்பு பாவக் கணக்குலதான் சேரும்னு பட்டுன்னு போட்டிருக்கார்."

"நீங்க படிச்சீங்களா?"

"நான் மட்டுமா? கூடமே படிச்சுது. நுரையீரலுக்கு அவர் போட்ட எபிரேய வார்த்தை சரிதானான்னு ரெண்டு நாள் சண்டை. என்ன பாஷைங்கற. தேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.  எத்தனையோ வருஷமாக மூக்கு பழகிப்போன மீன் பீப்பாயின் வாடைகூட அந்த நிமிஷம் தோப்ராவால் தாங்க முடியவில்லை.

இறகு ஒட்டிய மேலுடுப்போடு நேரே படிப்புக்கூடத்துக்குள் நுழைந்தாள். பெண்கள் நுழையாத இடம். ஈரக் கோட்டு, வெங்காயம், மூக்குப்பொடி எல்லாம் கலந்த புழுக்கம். மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். கடிதம் கெட்ஸல் முன்னால் விரித்துக் கிடந்தது, விரல் அழுக்குப் பட்டு ஓரமெல்லாம் கறுத்து.

"மாமா, இதை எனக்குப் புரியற மாதிரி படிங்க. பால் எந்தப் பக்கத்துல வருதோ அங்கேருந்து."

"பொம்பளை வர்ற இடமா இது?"

"படிங்க."

கெட்ஸல் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார். ஒருவர் தாடியைச் சொறிந்தார். இன்னொருவர், "குடும்ப விஷயம், நாங்க எப்படித் தலையிடறது?" என்றார்.

"வார்த்தைக்குச் சண்டை போட்டப்போ குடும்ப விஷயமா தெரியலியா? மூணு வாரமா என் வீட்டுக்காரர் உங்க மூஞ்சிக்கு நேரா ரத்தம் துப்பறார். நீங்க இலக்கணம் பாத்துக்கிட்டிருந்தீங்க."

 ஒருவர் தன் புத்தகத்தில் மெல்லப் பக்கத்தைப் புரட்டினார். கிணற்று வாளியில் செத்த எலி வந்தால் பார்ப்பதுபோல அவர்களைப் பார்த்தாள் தோப்ரா.

அடுப்போரத்திலிருந்து நோஸன் சொன்னான்: "அப்பாவைச் சொல்லாதே. கடிதத்தை முதல்ல படிச்சது நான்தான். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னதும் நான்தான்."

"ஏன்?"

"புஸ்தகத்தை மூடிட்டா நான் யாரு தோப்ரா? வாத்துக்காரி புருஷன். அவ்வளவுதான்."

அந்தச் சொல்லைக் கூசாமல், எல்லார் காதிலும் விழச் சொன்னான். பன்னிரண்டு வருஷமாக அவன் தின்றதெல்லாம் அந்த வாத்து. அவன் மீதும் அவளுக்கு அருவருப்பு வந்தது, ரத்தக் கிண்ணத்தைக் கழுவும்போதெல்லாம் வராத அருவருப்பு. குரலில் இருந்த மரியாதை போய்விட்டது.

"எந்திரி. கோட்டை மாட்டு."

மறுநாளே வண்டி பிடித்து, பைன் காட்டோரத்தில் மரத்தார் காய்ச்சும் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனாள். கொண்டுபோன மூட்டையில் ஒரு புத்தகமும் இல்லை. அக்காவின் மாடு கறந்த பாலைக் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தாள். அவன் தண்டனைபோலக் குடித்தான். அவள் எதிரே உட்கார்ந்து டம்ளர் காலியாகும்வரை பார்த்தாள். பேசுவது நின்றுபோயிற்று. இலையுதிர் காலத்தில் அவன் கன்னம் தேறியது, ரத்தம் நின்றது.

ஊர் திரும்பியபோது கடிதத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள். நோயைக் குணமாக்கிய கடிதமாம். உள்ளே வருகிறவர்கள் கண்ணாடியைத் தொட்டு விரலை முத்தமிட்டார்கள். பாலைப் பற்றிய பேச்சே இல்லை. கேள்விப்பட்ட அன்றே தோப்ரா பேனாவை எடுத்தாள்.

நடந்ததையெல்லாம் யித்திஷில் ரப்பிக்கு அவளே எழுதினாள். அவர் உடனே பதில் போட்டார், இந்த முறை யித்திஷில், அவள் பேருக்கு. "மகளே, உனக்குப் புரியும் பாஷையில் உனக்கே எழுதியிருக்க வேண்டும். என் அகந்தை என்று வைத்துக்கொள், அழகாக எழுத ஆசைப்பட்டுவிட்டேன்" என்று இருந்தது. அந்த விஷயத்தில் வெட்கப்பட்ட ஆண் அவர் ஒருத்தர்தான்.

நோஸன் அதன்பிறகு ஒன்பது வருஷம் உயிரோடு இருந்தான். தினம் ரெண்டு மணி நேரம் படிக்க விட்டாள். செத்தபோது கூடத்து வாசலில் உடலை வைத்து ஒரு மணி நேரம் அவன் ஞானத்தைப் புகழ்ந்தார்கள். தோப்ரா பாதியில் எழுந்து வந்துவிட்டாள்.

ஒரு வருஷம் கழித்துக் கல்யாணத் தரகர் வந்தார். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், பெரிய படிப்பாளி என்று ஆரம்பித்தார்.

"படிக்காதவனா இருந்தா சொல்லுங்க" என்றாள் தோப்ரா.

அக்கா ஊரில் தார் வண்டி ஓட்டுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டாள். ஜெபத்தையே தட்டித் தடுமாறித்தான் சொல்வார். அவருக்கு ஏதாவது கடிதம் வந்தால் பிரிக்காமல் அவள் கையில் கொடுப்பார்.