கோலுக்கு முன்னால் நான்கு சாமிகள்

கார்த்திகை பிறந்த மறுநாள் காலை ஐந்தேகால் மணிக்கு மைதானத்தில் இருந்தவர்களைச் சொல்கிறேன்.

கோச் இருந்தார். வடசென்னைக்காரர். ஒரு காலத்தில் பெரிய கிளப்புகளுக்கு ஆடியவர். முழங்கால் போய்விட்டது. வாய் போகவில்லை.

பிசியோ மேடம் இருந்தார். காட்டாங்குளத்தூரில் படித்து முடித்து அந்த வருஷம்தான் வேலைக்கு வந்தவர். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் நோட்டு.

ஸ்டாப்பர் இருந்தார். தடுப்பு வரிசையின் நடு ஆள். முன்பு திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டியவர். ஒன்பதாவது வருஷமாக மாலை போட்டிருந்தார். மாலை போட்ட மற்றவர்களுக்கு அவர்தான் குருசாமி.

அவருக்குப் பக்கத்தில் ஆடும் இன்னொரு ஸ்டாப்பர் இருந்தார். கோவளம் தாண்டி ஒரு மீனவக் குப்பம். அவரும் மாலை.

வலது பேக் இருந்தார். பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் வீடு. மாலை.

இடது பேக் இருந்தார். அப்பா ரயில்வே, தாம்பரத்தில் குவார்ட்டர்ஸ். மாலை.

இவர்கள் தவிர மாலை போட்ட மூன்று பேர், போடாத பத்து பேர்.

நான் இருந்தேன். கோல்கீப்பர். மாலை போடவில்லை. காரணம் ஒன்றும் இல்லை. விடியற்காலைப் பச்சைத் தண்ணீர் எனக்கு ஒத்துவராது.

கோச் வரிசையைப் பார்த்தார். ஏழு பேர் கறுப்பு வேட்டி, வெறுங்கால், நெற்றியில் சந்தனம்.

“இன்னாபா இது. பிராக்டிசா, பஜனையா?”

“சாமி சரணம்” என்றார் ஸ்டாப்பர்.

அந்த சீசன் எங்களுக்கு நன்றாகப் போகவில்லை. பத்து டீம் உள்ள லீக்கில் நாங்கள் ஒன்பதாவது. கடைசியாக வரும் டீம் கீழ் டிவிஷனுக்குப் போகும். எங்கள் டீமை நடத்தியது ஒரு வால்வு கம்பெனி. முதலாளி நல்ல மனுஷர்தான். கூப்பிட்டு உட்கார வைத்து, காபி கொடுத்து, சொன்னார்.

“கீழ போனா டீம் கிடையாது. உங்களுக்கு மாசச் சம்பளம் கொடுத்து கீழ் டிவிஷன் ஆட்டம் பார்க்க எனக்கு வசதி இல்ல.”

காபி நன்றாக இருந்தது. எனக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. எட்டாவது வரை படித்திருக்கிறேன். பந்து பிடிப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது. மற்றவர்கள் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். லேத்துக்குத் திரும்பலாம், கடலுக்குத் திரும்பலாம். எனக்குத் திரும்ப இடம் இல்லை.

முதல் தகராறு காலில் வந்தது. மாலை போட்டவர் செருப்பு போட மாட்டார். பந்து ஆட பூட்ஸ் வேண்டும். கோச் குருசாமியிடம் போனார். அவர் ஒரு நாள் டைம் கேட்டார். மறுநாள் வந்து சொன்னார்.

“போலீஸ்காரர் மாலை போட்டாலும் டியூட்டிக்கு பூட்ஸ் போடறார். இது நம்ம டியூட்டி. கோட்டுக்கு உள்ள பூட்ஸ், வெளிய வெறுங்கால்.”

அப்படியும் பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோல் இல்லை, ரெக்ஸின் என்று தெரிந்த பிறகுதான் காலை விட்டார்.

அடுத்தது சாப்பாடு. மேடம் நோட்டைத் திறந்து ஒவ்வொருவராகக் கேட்டார், முதலில் குருசாமியை.

“ஒரு நாளைக்கு எத்தனை முட்டை சாமி?”

“இல்லம்மா.”

“சிக்கன்?”

“சாமி சரணம்.”

“நான் உங்களைவிட எட்டு வயசு சின்னவ. அம்மான்னு கூப்பிடறீங்களே?”

“விரதத்துல எல்லாரும் அம்மாதான்மா.”

மேடம் எதையோ எழுதி அடித்தார். மறுநாளிலிருந்து கம்பெனி கேன்டீனில் இருந்து கொண்டைக்கடலை வந்தது. பிறகு பச்சைப்பயறு. பிறகு வேர்க்கடலை. வாரம் இரண்டு நாள் பன்னீர். மாலை போடாதவர்களுக்கும் அதே. தனியாகச் செய்ய ஆள் இல்லை. லீக்கில் எங்களுக்குச் சுண்டல் டீம் என்று பெயர் வந்தது.

மூன்றாவது வாரம் கோச் மேடத்தின் நோட்டை வாங்கிப் பார்த்தார். பன்னிரண்டு நிமிஷ ஓட்டத்தில் ஏழு சாமிகளும் பழையதைவிட அதிகம் ஓடியிருந்தார்கள். கோச் நம்பவில்லை. மறுபடி ஓடவிட்டார். அதேதான்.

“எப்டி மேடம்?”

“ஒன்பது மணிக்குப் படுக்கறாங்க சார். நாலு மணிக்கு எழுந்துக்கறாங்க. தண்ணி கிடையாது, சிகரெட் கிடையாது, ராத்திரி பிரியாணி கிடையாது. ரெண்டு வேளை பச்சைத் தண்ணிக் குளியல். பெரிய கிளப்ல ஐஸ் போட்டு உட்கார வைக்கறாங்களே, அது மாதிரி.”

“நான் ரெண்டு வருசமா இதத்தான கத்தினுகீறேன்.”

“நீங்க சொன்னீங்க. அவங்க கேட்கல.”

கோச் நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

அவருக்கு வேறு ஒரு கஷ்டமும் இருந்தது. அவர் பயிற்சி கொடுப்பதே கெட்ட வார்த்தையில்தான். முதல் நாளே பழக்கத்தில் ஒன்று வந்துவிட்டது. குருசாமி கண்ணை மூடினார். மாலையைத் தொட்டுக்கொண்டு நின்றார். கோச் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். “சாரி சாமி” என்றார். அதன் பிறகு சாமிகளுக்குச் சேர வேண்டியதையும் எனக்கே கொடுத்தார். வலது பேக் பந்தை விட்டால் என் குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வரும். நான் கேட்டுக்கொண்டேன். சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான்.

உண்மையில் என் மேலும் தப்பு இருந்தது. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. வீட்டிலும் அப்படித்தான். ஆனால் கோல்கீப்பர் பேச வேண்டும். முன்னால் நிற்கும் நாலு பேருக்குப் பின்பக்கம் கண் இல்லை. யார் பின்னால் ஆள் வருகிறான், யார் ஏற வேண்டும், பந்தை யார் எடுப்பது என்று கத்திச் சொல்வது கோலியின் வேலை. நான் கத்த மாட்டேன். பந்து வந்தால் பிடிப்பேன். பதினோரு வருஷம் அப்படியே ஓட்டிவிட்டேன்.

“வாய்ல இன்னா கொயக்கட்டையா வச்சினுகீற? கத்துடா!” என்பார் கோச்.

“சரி கோச்” என்பேன். மெதுவாக.

பிறகு அந்த மேட்ச் வந்தது. எதிர் டீம் சுமாரான டீம்தான். ஒன்றுக்கு ஒன்று. எண்பதாவது நிமிஷம் எங்கள் பாக்ஸுக்குள் உயரமாக ஒரு பந்து வந்தது. என் கைக்கு எட்டாது. அன்று கோச்சுக்குப் பயந்து நான் கத்தினேன். மாலை போட்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அதனால் இப்படிக் கத்தினேன்:

“சாமி, எடுங்க!”

நாலு சாமியும் திரும்பினார்கள். ஸ்டாப்பர் மற்ற ஸ்டாப்பரைப் பார்த்து, “நீங்க எடுங்க சாமி” என்றார். அவர், “இல்ல, நீங்க போங்க சாமி” என்றார். வலது பேக் இரண்டு பேருக்கும் வழி விட்டு ஒதுங்கினார். விரதத்தில் முண்டியடிக்கக் கூடாது. பந்து அவர்கள் நடுவில் விழுந்தது. எதிர் டீமில் மாலை போடாத எவனோ ஒருவன் ஓடி வந்து உதைத்தான்.

ஒன்றுக்கு இரண்டு. தோற்றோம்.

வேனில் ஏறினோம். பல்லாவரம் தாண்டியதும் கோச் முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

“பேர் சொன்னா இன்னா சாமி ஆவும்?”

“முறை இல்லைங்க கோச்” என்றார் குருசாமி.

“நம்பர் சொல்லலாமா?”

“சொல்லலாம்.”

மறுநாள் நம்பர் சொல்லிப் பார்த்தோம். இடது பேக்கின் நம்பர் இருபத்தேழு. ‘இருபத்தேழாம் நம்பர் சாமி’ என்று நான் முடிப்பதற்குள் பந்து வலையில் இருந்தது.

கோச் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஸ்டாப்பரைக் காட்டி, “இவரு லேத்து சாமி” என்றார். வலது பேக்கைக் காட்டி, “ஏரி சாமி.” இடது பேக், “ரயில் சாமி.” இன்னொரு ஸ்டாப்பரைக் காட்டி, “மீனு சாமி.”

“கோச், விரதத்துல மீனுன்னு கூப்பிடறீங்களே?”

“உங்க தொயில் அதுதான சாமி?”

“தொழில்தான். இப்ப வாயால சொல்லக்கூட மாட்டேன்.”

கடைசியில் கடல் சாமி என்று முடிவானது. குருசாமி யோசித்து, இதில் தப்பில்லை என்றார்.

அதன் பிறகு என்னை விட்டார்களா, இல்லை. தினமும் பிராக்டிஸ் முடிந்து மற்றவர்கள் சுண்டல் சாப்பிடும்போது நாங்கள் ஐந்து பேர் மட்டும் நிற்போம். கோச் ஓரத்திலிருந்து பந்தைத் தூக்கித் தூக்கிப் போடுவார். நான் யாருடையது என்று கத்த வேண்டும். கத்தாத பந்து கணக்கில் வராது, மறுபடி வரும். ஒரு நாள் மைதானத்தின் அந்தக் கோடியில் மேடத்தை நிற்க வைத்தார். அவருக்குக் கேட்டால் கை தூக்குவார். முதல் நாள் மேடம் கையே தூக்கவில்லை. நான் கத்திக்கொண்டுதான் இருந்தேன். என் கணக்கில் அது கத்தல்.

ஒரு வாரம் ஆனது. தொண்டை புண்ணானது. வாக்கிங் போகிற ஒருவர் மதில் பக்கம் நின்று கேட்டார்.

“என்ன சார், தினமும் கடல் சாமி, ஏரி சாமின்னு சத்தம். புதுசா கோயில் கட்டறாங்களா?”

“இல்ல சார். டிஃபென்ஸ்.”

அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கு அப்புறம் ஆடிய இரண்டு மேட்சிலும் கோல் வாங்கவில்லை. அடிக்கவும் இல்லை. இரண்டும் டிரா.

கடைசி மேட்ச் சிட்டிக்குள் பெரிய மைதானத்தில். எங்களுக்கும் கடைசி இடத்தில் இருந்த டீமுக்கும் ஒரே புள்ளி, ஒன்பது. கோல் வித்தியாசத்தில் நாங்கள் ஒரு கோல் மேலே. இரண்டு மணி ஆட்டம் அவர்களுடையது. நாலு மணி ஆட்டம் எங்களுடையது, முதல் இடத்தில் இருந்த டீமோடு. கடைசி டீமின் ஆட்டத்தைக் கேலரியில் உட்கார்ந்து பார்த்தோம். பூஜ்யத்துக்கு ஒன்று என்று தோற்றார்கள். குருசாமி கைதட்ட விடவில்லை. அடுத்தவர் தோல்விக்குக் கைதட்டக் கூடாதாம்.

டிரெஸ்ஸிங் ரூமில் மேடம் நோட்டைப் பார்த்துச் சொன்னார். நாங்கள் ஒரு கோலில் தோற்றால் அப்போதும் அவர்களைவிட ஒரு கோல் மேலே இருப்போம். இரண்டு கோலில் தோற்றால் சமம். சமமானால் சீசனில் அதிக கோல் அடித்தவர்கள் மேலே போவார்கள். அதிக கோல் அடித்தது அவர்கள்.

கோச் எழுந்தார்.

“கேட்டீங்களா? ஒரு கோல்ல தோக்கலாம். ரெண்டு கோல்ல தோத்தா எல்லாரும் வூட்டுக்குப் போலாம், நானும் போலாம்.”

“ஜெயிச்சா, கோச்?” என்றார் ரயில் சாமி.

“ஜெயிச்சா நல்லதுதான் சாமி. ஆனா விரதம் இருக்கறவங்க கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன்.”

இருபதாவது நிமிஷம் கோல் வாங்கினோம். நல்ல கோல். யார் மேலும் தப்பில்லை. அதன் பிறகு எங்களுக்கு ஆட்டம் ஒன்றுதான். நிற்பது.

நான் கத்தினேன். என் வாழ்நாளில் பேசியதையெல்லாம் கூட்டினாலும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வராது. கடல் சாமி ஏறுங்க. லேத்து சாமி, பின்னால ஆள். ரயில் சாமி, உள்ள வாங்க. அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டு உயரமானவன். என் முன்னால் நின்று சிரித்தான்.

“இன்னா மச்சான், அர்ச்சனையா? என் பேர்ல ஒண்ணு பண்ணு.”

“நட்சத்திரம் சொல்லு” என்றேன். அதுவும் நான்தான் சொன்னேன்.

எண்பத்தைந்தாவது நிமிஷம் ஏரி சாமிக்குக் கால் பிடித்துக்கொண்டது. ஆள் மாற்றும் வாய்ப்பு எங்களுக்குப் பாக்கி இல்லை. நொண்டிக்கொண்டு நின்றார். இஞ்சுரி டைமாக நாலு நிமிஷம் கொடுத்தார்கள். அதில் கடைசி நிமிஷம் அவர்களுக்குக் கார்னர்.

முதலில் அவரைத்தான் பார்த்தேன். ஓட முடியாதவரை எங்கே வைப்பது?

“ஏரி சாமி, கோட்டு மேல போஸ்ட் பக்கத்துல நில்லுங்க. நகராதீங்க. என்ன ஆனாலும் நகராதீங்க.”

“சரிங்க சாமி.”

“லேத்து சாமி, உயரமானவனப் பிடிங்க. கடல் சாமி, முதல் போஸ்ட். ரயில் சாமி, என் முன்னால.”

பந்து வந்தது. “என்னுது!” என்று கத்திக்கொண்டு வெளியே போனேன். மூன்று சாமியும் ஒரே நேரத்தில் வழி விட்டார்கள். லேத்து சாமி உயரமானவனை உடம்பால் அடைத்துக்கொண்டார். எல்லாம் சொல்லிக்கொடுத்தபடி நடந்தது. நான் மட்டும் பந்தைச் சரியாகக் குத்தவில்லை. அது பாக்ஸ் விளிம்பில் அவர்கள் ஆளின் காலில் விழுந்தது. நான் தரையில் கிடந்தேன். கோல் காலி.

உதைத்தான். பலமான உதை. பந்து ஏரி சாமியின் வயிற்றில் பட்டது. அவர் நகரவில்லை. நகரச் சொல்லவும் இல்லை. திரும்பி வந்த பந்தை ரயில் சாமி கேலரிக்கு அனுப்பினார். விசில்.

பூஜ்யத்துக்கு ஒன்று. ஜெயித்தவர்கள் கை குலுக்கிவிட்டுப் போனார்கள். தோற்ற நாங்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். கேலரியில் ஒருவர் பக்கத்து ஆளிடம், “இவனுங்களுக்கு ஸ்கோர் தெரியுமா?” என்று கேட்டார்.

கோச் நொண்டிக்கொண்டு ஓடி வந்தார். கண் கலங்கியிருந்தது. என் தலையில் ஒன்று போட்டார். ஏரி சாமி இன்னும் கோட்டு மேலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேடம் அவரை உட்கார வைத்துவிட்டு, லீக் அலுவலரின் மேஜைக்குப் போய்ப் பேப்பரைச் சரிபார்த்து வந்தார்.

“சரியா கீதுங்களா மேடம்?” என்றார் கோச். “இன்னொரு தபா பாத்துருங்க.”

மேடம் இன்னொரு தடவை போய்ப் பார்த்து வந்தார்.

கோல் வித்தியாசத்தில் கடைசி டீம், மைனஸ் பதினாறு. நாங்கள், மைனஸ் பதினைந்து.