கதவு எண் இல்லாத மலை

ஆடிட்டில் கேட்டார்கள் என்று, எங்கள் சிறுதானியக் கம்பெனி சாஃப்ட்வேரில் இன்று காலை 'கதவு எண் கட்டாயம்' என்று டிக் போட்டேன்.

மதியத்துக்குள் கல்வராயன் மலை விவசாயிகள் அத்தனை பேரும் திரையில் சிவப்பு. 'அதிக ஆபத்து. கொள்முதல் நிறுத்தம்.'

சாமை மூட்டையோடு பஸ்ஸில் கள்ளக்குறிச்சி ஆபீசுக்கு இறங்கி வந்த ஒரு விவசாயி கேட்டார்: "நான் இன்னா சார் தப்பு பண்ணேன்?"

"உங்க வூட்டுக்கு நம்பர் இல்லீங்களே."

"எங்கூர்ல வூடு தேடி வர்றவங்க பேரத்தான் கேப்பாங்க. நம்பர யாரு சார் கேட்டது?"

கேட்டது நான்தான்.

டிக்கை எடுக்கப் போனேன். 'அதிக ஆபத்துள்ள ஊழியருக்கு அனுமதி இல்லை' என்றது.

என் வீடும் மலையில்தான்.

இப்போது நானும் அவரும் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறோம். கதவு எண் உள்ளவர்கள் யாராவது வந்து, அந்த டிக்கை எடுத்துவிட்டுப் போங்களேன்.